அடியில் வைத்த குரல்

மூத்தவளுக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? இளையவள் பாடிய பாட்டு மறுநாள் காலை வெளியாகிறது. குரலையும் வாத்தியங்களையும் ஏற்றி இறக்கி, அதை மிக்சிங் செய்து கொடுக்க வேண்டியவள் மூத்தவள்.

அந்தப் பாட்டை முதலில் பாடியதும் அவள்தான். பாடகி கேட்டுப் பழகுவதற்காக முன்கூட்டியே ஒருத்தி பாடி வைப்பதை டிராக் என்பார்கள். பாடகி வந்து பாடியதும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பத்து வருடமாக டிராக் பாடுகிறவள், இந்தத் தடவையாவது தன் குரலையே வைத்துக்கொள்வார்கள் என்று மனக்கோட்டை கட்டியிருந்தாள். இசையமைப்பாளரோ தங்கையை அழைத்துவரச் சொன்னார், அதுவும் இவளிடமே.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தாள். பல்லவியில் தங்கை குரலுக்கு அடியில் தன் டிராக்கைத் துளியூண்டு வைத்தாள். யாருக்கும் தெரியப் போவதில்லை. இருவரும் போனில் பேசினால் பெற்ற அம்மாவே ஆள் மாறிப் பேசுவாள். ஆனால் ஒரே வரியை முப்பது தடவை கேட்கிற காதுக்கு, பிரியமானது எப்போதும் குறைவாகத்தான் கேட்கும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போனாள். மத்தியானத்துக்குள் அக்காள் மேலே, தங்கை அடியில்.

இசையமைப்பாளர் கேட்க வந்தார். கூடவே தங்கையும் வந்து சோபாவில் உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே அவள் சட்டென்று அக்காவைப் பார்த்தாள். தன் குரல் தனக்குத் தெரியாதா?

பாட்டு முடிந்தது. அவர் மோவாயைத் தடவினார்.

"ரெக்கார்டிங் அன்னைக்கு உடம்பு சிலிர்த்துச்சும்மா. இப்ப தப்பே இல்ல, ஆனா ஒண்ணுமே இல்ல. நீ இவ்வளவுதானா?"

தங்கையைப் பார்த்துத்தான் கேட்டார். வேறு பாடகியைப் பாடவைக்கலாம், வெளியீடு தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்றார். தன் குரலைப் பற்றி அவர் வாயிலிருந்து கேட்க மூத்தவள் பத்து வருடமாக ஏங்கிய தீர்ப்பு, யாருடைய குரல் என்று அவருக்கே தெரியாமல் வந்து விழுந்தது.

இளையவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்காவின் மானம் கப்பலேறிவிடும். அவளோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு எனக்குத் தொண்டை சரியில்ல சார்."

பச்சைப் பொய். அன்றைக்கு அவள் குரல் கணீரென்று இருந்தது. ரெக்கார்டிங்கில் பட்டனை அழுத்தியவளே மூத்தவள்தான்.

ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தன் டிராக்கை மொத்தமாக அணைத்தாள். தங்கையின் குரலை அது இருக்க வேண்டிய இடத்துக்கு ஏற்றினாள். பல்லவி திரும்ப ஓடியது. இசையமைப்பாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். என்ன செய்தாய் என்று கேட்டார்.

"நடுவுல ஒரு இரைச்சல் இருந்துச்சு சார். எடுத்துட்டேன்."

சோபாவில் இருந்தவள் அப்போதும் அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாட்டில்தான் ஜெயித்தாள், தொலையட்டும். இதிலுமா இவள் ஜெயிக்க வேண்டும் என்று மூத்தவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.