முத்திருளனைக் கடித்த கொசுக்கள்

செல்லூரில் விசைத்தறி ஓட்டிய முத்திருளனைக் கடித்த கொசுக்கள் எல்லாம் கடித்த இடத்திலேயே தூங்கிப்போயின. காலையில் அவன் மனைவி பாண்டிச்செல்வி பாயை உதறி, அவற்றைக் கூட்டி முறத்தில் அள்ளி வாசலில் கொட்டுவாள். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக எழுந்து, தள்ளாடி, கண்மாய்ப் பக்கம் பறந்து போகும். பொழுது சாய்ந்தால் திரும்பி வரும். அவனிடம் ஒரு தடவை குடித்த கொசு வேறு ஆளைத் தொடாது. முதல் வருசம் அந்த வீட்டில் மட்டும் கொசுத்தொல்லை இல்லை என்றார்கள். அடுத்த வருசம் தெருவிலேயே இல்லை. அதற்கடுத்த மழைக்குத் தல்லாகுளத்துக் கொசுக்களும் கூட்டமாக அவனைத் தேடி வந்தன. புகை அடிக்கிற ஆட்கள் தெருமுனையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அது அவனுக்குக் கிடைத்த வரம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

காரணம் மாத்திரை. தறிக்குப் பாவு நூல் சுற்றிய உருளையைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்த வலிக்கு வாங்கியது. வலி ஒரு மாதத்தில் போய்விட்டது, மாத்திரை போகவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு கைநிறைய ஆனது. ஆனாலும் நாலு தறியை ஒற்றை ஆளாகப் பார்த்தான். இழை அறுந்தால் அடுத்த நொடி முடிச்சுப் போட்டான். மற்றவர்களைத் திட்டும்போது முதலாளி அவனைத்தான் காட்டிப் பேசினார். அலங்காநல்லூர்ப் பக்கம் மாமனார் வீட்டு விசேஷங்களுக்குத் தேய்த்த சட்டையோடு போய் வந்தான். "எங்க மாப்ள தங்கம்ப்பா. அவருகிட்ட ஒரு பீடி உண்டா?" என்று மாமனார் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். பாண்டிச்செல்வியும் அப்படித்தான் நினைத்தாள். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவன் சிரிக்கத் தொடங்குவது மட்டும் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொதிக்கிற கறிக்குழம்புச் சட்டியை அவன் வெறுங்கையால் அடுப்பிலிருந்து தூக்கி வந்தான். உப்புப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே வந்து இறக்கி வைத்தான். உள்ளங்கைத் தோல் சட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க, கை" என்றாள்.

யாரோ கொடுத்துவைத்த பொருளைப் பார்ப்பதுபோல அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்றைக்கு அவள் வீட்டைப் புரட்டினாள். அடுப்பெரிக்க என்று அவன் தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து போட்ட சாக்கில், நூல் சுற்றித் தேய்ந்த பழைய தார்க்குச்சிகள் இருந்தன. ஒவ்வொன்றின் துளைக்குள்ளும் மாத்திரை அடைத்திருந்தது.

"எம்புட்டு நாளா இது?"

"நீ நெனைக்கிறதுக்கு முந்தியே."

"அப்ப என்கிட்டச் சிரிச்சுப் பேசுனதெல்லாம் யாரு?"

"நாந்தான்" என்றான். பிறகு, "பாதி நான்" என்றான்.

மிச்சப் பாதியைக் கொடு என்றுதான் அவள் கேட்டாள். ஐப்பசி மழை பிடித்த அன்று நிறுத்தினான். அதுவரை வராத வலியெல்லாம் அப்போது வரிசையாக வந்து சேர்ந்தது. முதலில் சட்டி சுட்டது. பிறகு என்றைக்கோ மிதித்த ஆணி குத்தியது. மூன்று வருசத்துக்கு முன்னால் செத்துப்போன அம்மாவை எடுத்தபோது கல்லாக நின்றவன், இப்போது பாயில் சுருண்டு கிடந்து அவளுக்காக அழுதான். பாண்டிச்செல்வி அவன் வியர்வையைத் துடைத்தாள், வாந்தியை அள்ளினாள். இத்தனை வருசம் கழித்துப் புருசன் வீடு வந்து சேர்ந்தான் என்று உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. ஆனால் வெளியே கொசுக்களுக்கும் தூக்கம் போயிற்று. வெறிபிடித்து, வீடு வீடாக நுழைந்து கடித்தன. எதிர்வீட்டுத் தமிழ்வாணியின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி விழுந்தது. ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள்.

தமிழ்வாணி தெருப் பெண்களோடு வந்து வாசலில் நின்றாள். "அண்ணன வெளிய வந்து ஒக்காரச் சொல்லுங்க மதினி."

"அது வரம் இல்ல தமிழு. மாத்திர. வெசம்." இத்தனை நாள் காத்த மானத்தைப் பாண்டிச்செல்வி வாசற்படியிலேயே போட்டு உடைத்தாள். "இப்பத்தான் விட்டுக்கிட்டு இருக்காரு."

"தெரியும் மதினி."

"என்ன தெரியும்?"

"தெருவுக்கே தெரியும். கண்ணப் பாத்தா தெரியாதா? நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் யாரும் வாயத் தொறக்கல." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இந்த மழ மட்டும் போகட்டும் மதினி" என்றாள்.

உள்ளே முத்திருளனுக்குக் கேட்டது. சுவரைப் பிடித்து எழுந்து வந்தான். "பிள்ள கண்ணு முழிச்சுச்சாம்மா?" என்று கேட்டான். தமிழ்வாணி சேலை முந்தியின் முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சுக்குள் மாத்திரை அட்டை இருந்தது. பாண்டிச்செல்வி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விலக்கினான்.

குழந்தை பிழைத்தது. மழையும் நின்றது, அடுத்த மழையும் வந்து நின்றது. முத்திருளன் சாயங்காலமானால் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்தான். மறுநாள் தறி ஓட்டினான். மாத்திரையை ஒளித்துவைக்கும் தேவை இப்போது இல்லாமல் போயிற்று. தை பிறந்ததும் குழந்தைக்குக் காது குத்தினார்கள். தமிழ்வாணிக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால், தாய்மாமனாக முத்திருளனை உட்காரவைத்து, மாலை போட்டு, குழந்தையை மடியில் கொடுத்தார்கள். ஆசாரி இரண்டு காதிலும் குத்தினார். அவன் மடியில் இருந்ததால் குழந்தைக்கு வலிக்கவில்லை. அது ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் கொட்டாவி விட்டது. அதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. அழுதது பாண்டிச்செல்விதான். மாமன் பெண்டாட்டி சந்தோசத்தில் அழுகிறாள் என்று சொல்லி, அவளுக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டார்கள்.