இடைவேளையோடு எழுந்து வந்த படம்

போஸ்டரில் நாய் கூலிங்கிளாஸ் போட்டிருந்தது. பன்றி தொப்பி வைத்திருந்தது. நடுவில் ஒரு வெள்ளைக்கார வெள்ளாடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. 'குடும்பத்தோடு வயிறு குலுங்கச் சிரிக்க' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பாண்டிராஜுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மகள் மாரிசெல்வியைச் சிவகாசிக்குக் கூட்டிப் போய்விட்டால், திரும்பி வருவதற்குள் ஊரில் எல்லாம் முடிந்திருக்கும். ஆட்டை வெட்டுகிற நாளில் ஆடு பேசுகிற படத்துக்கா பிள்ளையைக் கூட்டிப் போவார்கள் என்கிற புத்தி, டிக்கெட்டைக் கிழித்து உள்ளே உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

ஆடு மகளுடையது. பெயர் சுருளி. உண்மையைச் சொன்னால் ஆடு ஊர்க்கோயில் கருப்பசாமியுடையது. போன தீபாவளி சீசனில், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பாண்டிராஜ் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை ஒன்று வெடித்தது. அவன் அப்போது தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த அவன் மனைவி வேலுத்தாய், கம்பெனி வாசலில் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, வீட்டில் நின்ற கடாக்குட்டியைச் சாமிக்கு நேர்ந்துவிட்டாள். அவன் உயிருக்கு அந்த உயிர். வீட்டில் இது தெரியாதவள் மாரிசெல்வி மட்டும்தான்.

அவள்தான் அதற்குக் குழை ஒடித்துப் போட்டாள், தண்ணீர் வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுக்கிலிருந்தே "சுருளி" என்று ஒரு குரல் கொடுப்பாள். அது காது முதல் வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பும். கழுத்து மணி தெருவுக்கே கேட்கும்.

வேலுத்தாய் முதல்நாளே சொன்னாள், பிள்ளையிடம் சொல்லிவிட்டே செய்வோம், அழுதால் அழுதுவிட்டுப் போகட்டும் என்று. பாண்டிராஜ் கேட்கவில்லை. பிள்ளை அழுவதை அவனால் பார்க்க முடியாது. அதற்குப் பெயர் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

படம் மகா மட்டம். வாய் மூடின பிறகும் வசனம் வந்துகொண்டிருந்தது. நாய் மெட்ராஸ் பாஷை பேசியது, பன்றி கோயம்புத்தூர்க்காரராக இருந்தது. பண்ணை வீட்டுக்குக் குடிவந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு இந்த மிருகங்கள் ஓயாமல் புத்தி சொல்லின. தியேட்டரில் சிரித்தது படத்தில் வருகிறவர்கள் மட்டும்தான்.

மாரிசெல்வி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஆடு இப்படி வாயசைக்காது, அசை போடும்போது ஒரு பக்கமாகத்தான் போகும் என்று அப்பனுக்கு விளக்கினாள். அதற்குப் பிறகு திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். முறுக்கு வாங்கிக் கொடுத்தான், கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். திரையில் அந்த வெள்ளாடு முன்னால் வந்து, என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று சொல்லிக் கண்ணடித்தது. பாண்டிராஜ் குனிந்து செருப்பைப் பார்த்தான்.

இடைவேளை விட்டதும் அவள் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். சுருளிக்குத் தண்ணீர் வைக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கடைவீதியைச் சுற்றிக் காட்டியிருக்கலாம், புரோட்டா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கடத்தியிருக்கலாம். கடாவெட்டுக்குக் காலையிலேயே நேரம் குறித்திருந்தார்கள், இந்நேரம் முடிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த ஆட்டின் முகத்தை இன்னொரு பாதிப் படத்துக்குப் பார்க்கத் தெம்பில்லை என்பதுதான் நிஜம்.

பஸ் நிற்கிற இடமே கருப்பசாமி கோயில் முக்குதான். இறங்கியபோது கூட்டம் கலையாமல் நின்றது. வேலுத்தாய் அவனைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அவனுக்குப் புரியவில்லை.

"இன்னும் துலுக்கலைங்க," என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "இந்த ஒரு குடத்தோட விட்டுருவோம்னு பூசாரி சொல்லிட்டாக. சாமிக்கு வேண்டாமாம்."

மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் ஆடு உடம்பைத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், துலுக்காத ஆட்டின் மேல் அரிவாளை வைக்க மாட்டார்கள். காலையிலிருந்து குடம் குடமாக ஊற்றியும் சுருளி மழையில் நனைந்த மூட்டை மாதிரி அப்படியே நின்றிருக்கிறது. கடைசிக் குடமும் ஊற்றியாகிவிட்டது. பூசாரி சின்னச்சாமி கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டிருந்தார்.

பாண்டிராஜுக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் மகளின் கையை விட்டுவிட்டான்.

அவள் கூட்டத்துக்குள் புகுந்து போனாள்.

"சுருளி!"

அது தலையைத் தூக்கியது. காது முதல் வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் தெறித்து மாரிசெல்வியின் முகமெல்லாம் நனைந்தது. அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான். பெண்கள் குலவை போட்டார்கள்.

அது சாமிக்குத் துலுக்கவில்லை, பிள்ளைக்குத் துலுக்கியது என்று அவனுக்குத் தெரியும். வேலுத்தாய்க்கும் தெரியும். அவள் அவனையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சின்னச்சாமி கேட்கிற மனுஷர்தான். ஆனால் குலவைச் சத்தத்துக்கு நடுவே மருந்து அறை வெடித்த சத்தம் அவன் காதில் கேட்டது. நாளை காலை மறுபடி வேன் ஏறி அதே கம்பெனிக்குத்தான் போக வேண்டும். சாமியிடம் கடன் வைத்துவிட்டுப் போக அவனுக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறக்காமல் மகளைத் தூக்கி, அவள் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

பின்னால் சுருளியின் மணிச் சத்தம் நின்றது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தும் அழவில்லை, சாப்பிடவில்லை, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தி சாய்ந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"எப்பா, நான் கூப்பிட்டதாலதான் துலுக்குச்சா?"

"இல்ல தாயி," என்றான் பாண்டிராஜ். "அது சாமிக்குத் துலுக்குச்சு."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். "அப்ப நான் கூப்பிட்டது அதுக்குக் கேக்கவே இல்லையா?"

வேலுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கேக்கல," என்றான்.

அப்போதுதான் பிள்ளை அழுதாள். எதைப் பார்க்க முடியாது என்று காலையில் பஸ் ஏறினானோ, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.