ஒரு வரி குறைந்த மனு

நைரோபியில் தேர்தல் வழக்கு என்றால் வக்கீல் கயெம்பாதான். தோற்றவர்கள் முதலில் கடவுளிடம் போய் அழுவார்கள். பிறகு கயெம்பாவிடம் ஃபீஸ் கட்டிவிட்டு அழுவார்கள். அவர் போட்ட மனு எதுவும் விசாரணைக்கு முன்பே வாசலோடு திரும்பியதில்லை. அதற்குக் காரணம் ஒரே ஒரு வரி. யார் ஜெயித்தார், யாருக்கு எத்தனை ஓட்டு, எந்தத் தேதியில் அறிவித்தார்கள் என்பதை மனுவிலேயே எழுதியாக வேண்டும். ஊருக்கே தெரிந்த சங்கதிதானே என்று விட்டால் மனு குப்பைக்குப் போகும். ஆனால் தோற்றவன் எவனுக்கும் அதை எழுதக் கை வராது.

"எழுதித் தொலைங்கய்யா. அவன் ஜெயிச்சதை ஒத்துக்கிட்டாத்தானே அது செல்லாதுன்னு சொல்ல முடியும்?" என்று அதட்டியே கயெம்பா பேர் வாங்கினார்.

அவருடைய அலுவலகத்துக்கு ஒரு நாள் அறிவு மேலாளர் என்ற பதவியில் கெருபோ அம்மையார் வந்து சேர்ந்தார். அதுவரை அறிவு அங்கே மேய்க்க ஆளில்லாமல் திரிந்ததாம். வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு பொதுச் சேமிப்பைத் திறந்து, அதற்குக் 'கஜானா' என்று பெயரும் வைத்தார். பார்ட்னர்கள் தங்கள் தொழில் நுணுக்கத்தையெல்லாம் அதில் போட வேண்டும், சின்ன வக்கீல்கள் எடுத்துப் பிழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதிகம் பகிர்ந்தவருக்குக் கேடயம் உண்டு.

பார்ட்னர்களும் வாரி வழங்கினார்கள். மூத்த பார்ட்னர் ஒன்யாஞ்சா, மாமனாரின் சவ அடக்கத்தில் தான் பேசிய பேச்சை 'வாதத் திறமை' என்ற தலைப்பில் போட்டார். இன்னொருவர் கொடுத்த குத்தகை ஒப்பந்தத்தில், குடியிருப்பவரைக் காலி செய்ய வைக்கும் பக்கத்தை மட்டும் காணோம். கயெம்பா கஞ்சத்தனமே காட்டவில்லை. தன் தேர்தல் மனுவை முழுசாகத் தூக்கிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அந்த ஒரு வரியை மட்டும் அழித்தார். குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு உப்பைச் சொல்லாமல் விடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. கேடயம் அவருக்குத்தான் கிடைத்தது.

இந்த மரியாதை போதாதென்று அவருக்கே எம்.பி. ஆசை வந்துவிட்டது. புங்கோமா பக்கம் சொந்தத் தொகுதியில் நின்றார். ஊர் ஊராக ஆடு வெட்டி விருந்து வைத்தார். விருந்தைச் சாப்பிட்ட ஜனம், கோழித்தீவன வியாபாரி வெலிகேயை ஜெயிக்க வைத்தது. ஓட்டுச்சாவடிகளில் தில்லுமுல்லு நடந்ததென்னவோ நிஜம். கையில் சாட்சியும் இருந்தது. வழக்குப் போட்டால் சீட் திரும்பும்.

தன் வழக்கில் தானே சாட்சி சொல்ல வேண்டியிருந்ததால் அவரால் வாதாட முடியாது. மற்ற பார்ட்னர்களைக் கேட்டார். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒன்யாஞ்சாவுக்கு முதுகு வலி. கடைசியில் வழக்கு செரோனோ என்ற சின்ன வக்கீலிடம் வந்தது. அவள் கஜானாவைத் திறந்து அவருடைய மாதிரியையே எடுத்து, பெயர்களை மாற்றி, அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

"முழுசாப் படிச்சுப் பாருங்க வக்கிலி. நாளையோட கெடு முடியுது. அப்புறம் எதையும் சேர்க்க முடியாது." வக்கீலை அங்கே 'வக்கிலி' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

கயெம்பா படித்தார், இரண்டு தடவை. எங்கேயும் உறுத்தவில்லை. சொல்லப்போனால், இத்தனை நாளில் அன்றுதான் மனம் கொஞ்சம் ஆறியது. வெலிகே வாங்கிய ஓட்டு எந்தப் பக்கத்திலும் கண்ணில் படவில்லை. என்ன நாகரிகமாக எழுதியிருக்கிறாள் இந்தப் பெண் என்று நினைத்து, "பிரமாதம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நீதிமன்றத்தில் வெலிகேயின் வக்கீல் எழுந்து ஒரே நிமிடம்தான் பேசினார். நீதிபதியம்மா மனுவை முன்னும் பின்னும் புரட்டினார்.

"முடிவு என்னன்னே இதுல சொல்லலையேம்மா. அப்புறம் எந்த முடிவை நான் ரத்து பண்றது?"

கயெம்பாவுக்கு எந்த வரி, அதை யார் அழித்தது, எதற்காக அழித்தது எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மனு தள்ளுபடியானது. இனி ஐந்து வருஷத்துக்கு வெலிகேதான் எம்.பி.

வெளியே வந்ததும் செரோனோ மீது பாய்ந்தார்.

"அறிவிருக்கா உனக்கு? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே இது!"

"உங்க மாதிரிதான் வக்கிலி. ஒரு எழுத்தைக்கூட நான் மாத்தல. மாத்தினா நீங்க திட்டுவீங்கன்னு பயந்தேன்."

கெருபோ அம்மையார் இதையும் விடவில்லை. தோல்வியும் அறிவுதான் என்று வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டார். டீயும் மண்டாஸி என்ற எண்ணெய்ப் பணியாரமும் வந்தன. நடந்ததைச் சொல்லக் கயெம்பா எழுந்து நின்றார். செரோனோ முன்வரிசையிலிருந்து கேட்டாள்.

"வக்கிலி, இந்த வாரம் கோர்ட்டுப் பதிவாளர் ஆபீஸ்ல உக்காந்து உங்க பழைய மனுவெல்லாம் படிச்சேன். எல்லாத்துலயும் அந்த வரி இருக்கு. நீங்க எங்களுக்குக் கொடுத்ததுல மட்டும் எப்படி இல்லாமப் போச்சு?"

பார்ட்னர்கள் எல்லோரும் திடீரென்று டீயை ஊதி ஆற்றத் தொடங்கினார்கள். கயெம்பாவுக்கு முன்னால் இரண்டே வழி இருந்தது. ஒன்று, வேண்டுமென்றே மறைத்த திருடன் என்று பேர் வாங்குவது. மற்றது, முட்டாள் என்று பேர் வாங்குவது.

"மறந்துட்டேம்மா" என்றார். "வயசாச்சில்ல?"

"அதானே! யாருக்குத்தான் மறதி இல்ல?" என்று ஒன்யாஞ்சா முதுகு வலியை மறந்து துள்ளி எழுந்து கைதட்டினார். மற்ற பார்ட்னர்களும் தட்டினார்கள். சின்ன வக்கீல்கள் அவரைப் பாவமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவரை வெலிகேயைவிட மோசமாகத் தோற்கடித்தது.

அன்று மதியம் கஜானா திணறிப்போய் நின்றுவிட்டது. பார்ட்னர்கள் அத்தனை பேரும் தங்களுக்கு 'மறந்துபோன' பக்கங்களை ஒரே நேரத்தில் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். பகிர்வு மனப்பான்மை பெருகிவிட்டதாகக் கெருபோ அம்மையாருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்தது.

சாயங்காலம் கயெம்பாவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் மனுவைத் திறந்தார். அந்த வரி ஏற்கனவே உள்ளே இருந்தது, அவருடைய நடையில், அச்சு அசலாக. அடியில், 'இந்த நுணுக்கத்தை வழங்கியவர்: செரோனோ' என்று போட்டிருந்தது. சின்ன வக்கீல்கள் வரிசையாக நன்றி எழுதியிருந்தார்கள்.

இது என்னுடையது என்று எழுத அவருக்குக் கை துடித்தது. என்னுடையது என்றால், இவ்வளவு தெரிந்தவன் எப்படி மறந்தான் என்று கேட்பார்கள்; மறந்தது பொய்யாகிவிடும். பிறகு அந்த வரிசையின் கடைசியில் தானும் ஒரு நன்றி எழுதினார்.