மூன்று பேருக்கு ஒரு துண்டு

தணிகாசலம் மாதிரி துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன் இந்தத் திருத்தணியில் இன்னொருத்தன் பிறக்கவில்லை. டென்ட் கொட்டகையானாலும், கல்யாணப் பந்தியானாலும், கூட்டம் பிதுங்குகிற ரயிலானாலும் அவன் துண்டுதான் முதலில் உள்ளே போகும். சிவப்புக் கரை போட்ட ஒரே துண்டு, மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று சைக்கிள் கடை நஜீர் அகமதுக்கு. வேறு எவன் வந்து உட்கார்ந்தாலும், "ஆள் வராங்க, எழுந்திரு" என்று விரட்டுவான். போலீஸ்காரனையே விரட்டியிருக்கிறான்.

நான் பரந்தாமன். ஸ்டேஷனுக்கு எதிரே கோலி சோடாக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முன்கோபம் என்று ஊர் சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் ரம்ஜான் நோன்பும் ஆடி மாசமும் ஒன்றாக வந்தன. கிருத்திகைக்கு முந்தின நாள், காவடிக் கூட்டம் ரயில் ரயிலாக இறங்கிக்கொண்டிருந்தது. நஜீர் வழக்கம்போல என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நோன்பு என்பதால் அவனுக்குச் சோடா கிடையாது. நான் மட்டும் குடித்தேன், அவனுக்கு நேராகவே.

"அந்தப் பம்பளிமாஸ் ஞாபகம் இருக்குதாடா?" என்றான் நஜீர்.

"மறப்பனா? எங்க நைனா பூஜைக்கு வாங்கி வச்சது. பந்துன்னு சொல்லி நீ ஒதைச்சே, அது பொளந்துச்சு, முதுகுல வாங்கினவன் நான்."

"பொளந்ததைத் தின்னுட்டு, மேட்ச் டிரான்னு சொன்னானே தணிகாசலம்."

இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான். பம்பளிமாஸ், கந்தல் சுற்றிய பந்து, குளத்தங்கரையில் நஜீருக்குப் பெயர்ந்த கால் நகம், கடைசியில் கோதண்டம் போட்ட கோல். அந்தக் கோலைக் கேட்பதற்கென்றே என் கடைக்குச் சோடா குடிக்க வருகிறவர்கள் உண்டு. கோல் விழுந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். அதற்குமேல் யாராவது கேட்டால் கடையை விட்டே துரத்துவேன்.

யுத்த காலம் அது. வெள்ளைக்கார சோல்ஜர் டீமுக்கும் நம்ம பையன்களுக்கும் ஷீல்டு மேட்ச். ரயிலில் போய் இறங்க வேண்டிய ஊர், அதன் பேரை நான் வாயால் சொல்வதில்லை. அவர்களுக்குப் பூட்ஸ், நம்மவர்களுக்கு வெறுங்கால். இடம் பிடிக்கவென்று தணிகாசலம் காலை ரயிலிலேயே போய்விட்டான். போகும்போது தன் அம்மா எல்லம்மாளிடம், "வெள்ளக்காரன் மேல ஒரு கோல் விழறதைப் பாத்துட்டா ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டுக்கிறேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நானும் நஜீரும் ஏறிய பாசஞ்சரை, பட்டாள ரயிலுக்கு வழிவிடச் சொல்லி நடுக்காட்டில் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் மைதானத்துக்குப் போனபோது பாதி மேட்ச் முடிந்திருந்தது. சவுக்குக் கம்பையும் பலகையையும் கயிற்றால் கட்டி எழுப்பிய காலரியில் எள் போட இடமில்லை. உச்சிப் படியில் தணிகாசலம் நின்றுகொண்டு எங்களுக்காக வைத்திருந்த இடத்தைக் காட்டிக் காட்டிக் கை ஆட்டினான். ஏற வழியில்லாமல் கயிற்றோரம் கீழேயே நின்றோம்.

அப்போதுதான் நம்ம டீம் கோதண்டம் அந்தக் கோலைப் போட்டான். "பாத்தியாடா!" என்று கத்திக்கொண்டே இரண்டு பேரும் தணிகாசலத்தைத்தான் திரும்பிப் பார்த்தோம். அவன் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்ட ஒருவனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கூச்சல் கேட்டு எங்கள் பக்கம் திரும்பினான். கையை விரித்து, என்ன ஆச்சு என்று எங்களைக் கேட்டான். நான் விரலைத் தூக்குவதற்குள் காலரியே எழுந்து குதித்தது. சவுக்குக் கம்புகள் முறிந்தன, மொத்தமும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோலை விட்ட அந்த வெள்ளைக்கார கீப்பர் ஓடிவந்து எங்களோடு பலகைகளைத் தூக்கினான். தணிகாசலத்தை வெளியே எடுத்தபோது துண்டு அவன் கையிலேயே இருந்தது.

அவன் அந்தக் கோலைப் பார்க்கவில்லை. எனக்கும் நஜீருக்கும் அது தெரியும். எல்லம்மாள் கேட்கும்போதெல்லாம், "கூட்டத்துல தெரியலம்மா" என்று மழுப்பிவந்தோம். மகனை முருகன் ஏமாற்றிவிட்டான் என்று அவளுக்குக் கோபம். மலைப்படிக்குப் பக்கத்திலேயே பூ விற்றாள். ஆனால் அவன் போனதிலிருந்து ஒரு படி ஏறியதில்லை.

அன்றைக்கு அந்த எல்லம்மாளே என் கடைக்கு வந்தாள். வேர்த்து மூச்சிரைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சோடா ஒடைக்கட்டாம்மா?"

"சோடாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாலு எட்டு வச்சா மூச்சு முட்டுது. அடுத்த ஆடிக்கு இருப்பனோ மாட்டனோ. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் புள்ள அந்தக் கோலைப் பாத்தானா? பாத்தான்னா அவன் சொன்ன மொட்டையை நான் போட்டுக்கினு மலை ஏறணும். பாக்கலன்னா அந்தச் சாமி மூஞ்சில முழிக்க மாட்டேன்."

வாய் கிழியப் பேசுகிறவன் நான், பாட்டில்களை எடுத்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். நஜீர் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவன். அவன் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டால் இவள் இங்கேயே சரிந்துவிடுவாளே என்று பயந்தேன்.

"பாத்தாம்மா," என்றான் நஜீர். "ரெண்டு கையையும் தூக்கிக்கினு குதிச்சான். அவ்வளவு சந்தோசமா நான் அவனைப் பாத்ததே இல்ல."

எல்லம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆங்" என்றாள். எழுந்து போய்விட்டாள். நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பள்ளிவாசலுக்குப் போகும்போது நஜீர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சரவணப் பொய்கைக் கரையில் எல்லம்மாள் மொட்டை போட்டுக்கொண்டாள். நரைத்த முடி மடியில் விழ விழ நான் பக்கத்தில் நின்றேன். குளித்துவிட்டுத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, என் தோளைப் பிடித்து நின்று நின்று படி ஏறினாள். சாமியை என்ன கேட்டாளோ, நான் காது கொடுக்கவில்லை. இறங்கி வந்தபோது அடிவாரத்துப் படி ஓரமாக நஜீர் காத்திருந்தான். அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"நோம்பு வச்சுகினு எனக்காவப் பொய் சொல்லிட்டியே, நைனா."

நஜீருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரும்மா சொன்னது பொய்யின்னு?" என்று கத்தினேன்.

"கத்தாதே. உங்க இடத்துல குந்தினானே, அந்த ஆளு கனகம்மாசத்திரத்துக்காரன். கால் முறிஞ்சு பொழைச்சவன், கட்டு அவுத்ததும் வந்து என் காலைப் புடிச்சுகினு அழுதான். கோல் விழும்போது என் புள்ள அவனோட மல்லுக்கு நின்னுகினு இருந்தான். எனக்கு எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சுகினே எதுக்கும்மா எங்களைக் கேட்டே?"

"அவன் சந்தோசமாத்தான் போனான்னு யாராச்சும் ஒருத்தர் வாயால சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன் பாக்கலையேம்மா. அப்புறம் எதுக்கு மொட்டை?"

"அவன் எப்பனா தனக்கு மட்டும் இடம் புடிச்சிருக்கானாடா? சாமிகிட்ட மட்டும் தனக்குன்னு தனியாவா கேட்டிருப்பான்? நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்க இல்ல?"

"பாத்தோம்மா," என்றான் நஜீர்.

"அவ்வளவுதான்."

மொட்டைத் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்தாள். அதே சிவப்புக் கரைத் துண்டு. அதை விரித்துப் படியில் நீளமாகப் போட்டாள். நடுவில் அவள் உட்கார்ந்தாள். காவடி தூக்கி வந்த ஒருத்தன் களைத்துப்போய் அதில் உட்காரப் போனான். "ஆள் இருக்குது நைனா, அந்தாண்ட போ" என்று அவனை அனுப்பிவிட்டு, எங்களைக் கை காட்டி இரண்டு பக்கமும் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தோம்.

"கடையில ஊருக்கெல்லாம் சொல்றியாமே, பரந்தாமா. என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப சொல்லு அந்தக் கோலை."

எத்தனையோ தடவை சொன்ன கதை. "பந்து கோதண்டம் காலுக்கு வந்துச்சும்மா..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. துண்டின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நஜீர் வறண்ட நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.

"வந்துச்சாம்மா, வெறுங்காலாலயே அந்தப் பந்தை நிறுத்தினான்..."

"ஆங்," என்றாள் எல்லம்மாள். "அப்புறம்?"