பயனாளியின் கையெழுத்து

மணி நாலு முப்பத்தெட்டு.

ஐந்து மணிக்கு இசைக் கல்லூரியின் சேர்க்கை இணையதளம் கதவைச் சாத்திவிடும். அதற்குள், ‘முதியோருக்காக இருபது மணி நேரம் இலவசமாக வாசித்தார்’ என்ற படிவத்தைக் கையெழுத்தோடு படம் பிடித்து அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

முதியோர் இல்லத்தின் கூடத்தில் வயலின்காரன் கடைசி ஸ்வரத்தை இழுத்து முடித்தான். பத்து வாரம், வாரம் இரண்டு மணி நேரம். கச்சிதம். கேட்டுக்கொண்டிருந்த முதியோர் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். ஒருவர் தூக்கத்திலேயே தட்டினார்.

வில்லைக்கூடப் பெட்டியில் வைக்காமல், அவர்களில் ஒருவரான சங்கச் செயலாளரிடம் ஓடினான். கோர்ட்டில் முப்பத்தைந்து வருடம் தலைமை எழுத்தராக இருந்தவர். இல்லவாசிகள் சங்கத்தின் முத்திரை அவரது சட்டைப்பையில்தான் தூங்கும்.

“சார், ஒரு கையெழுத்து.”

“போடலாம் தம்பி. முதல்ல நீங்க போடுங்க.”

மேஜை மேல் பன்னிரண்டு படிவங்கள்.

“இது என்ன சார்?”

“எங்க சேவைச் சான்றிதழ். சும்மா இருக்காம சமூகத்துக்கு ஏதாவது செய்யுங்கன்னு நிர்வாகம் சொல்லிச்சு. ஆளுக்கு இருபது மணி நேரம். ‘வளரும் கலைஞனுக்குக் காது கொடுத்தல்’னு தீர்மானம் போட்டோம். பயனாளி நீங்கதான்.”

“நானா? நான்தானே சார் உங்களுக்குச் சேவை செஞ்சேன்?”

முன்வரிசையில் இருந்த முன்னாள் டெலிபோன் ஆபரேட்டர் அம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “அப்படியா நினைச்சுட்டிருந்தே? முதல் வாரம் நீ வாசிச்சப்ப பூனை எழுந்து போயிடுச்சு. நாங்க போகலியே.”

நாலு நாற்பத்தாறு. வயலின்காரன் பேனாவை எடுத்தான். ‘பயனாளி அடைந்த முன்னேற்றம்’ என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதினான்.

“விவரமா எழுதுங்க தம்பி. அப்ப எப்படி, இப்ப எப்படி.”

பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு முறை எழுதினான்: ‘முதலில் சுருதி சேரவில்லை. இவர் பொறுத்துக்கொண்டதால் இப்போது ஓரளவு சேர்கிறது.’

நாலு ஐம்பத்தைந்து. முத்திரை பையிலிருந்து வெளியே வந்தது. பாதி வழியில் நின்றது.

“ஆபரேட்டரம்மாவுக்குப் பதினாறு மணி நேரம்தான். நாலு மணி நேரம் காது மிஷினைக் கழட்டி வெச்சிருந்தாங்க, குறிச்சு வெச்சிருக்கேன். பன்னிரண்டு பேரும் முடிச்சாத்தான் முத்திரை. தீர்மானம் அப்படி.”

“அந்த நாலு மணி நேரம்தான்யா பெரிய சேவை,” என்றார் அம்மா. “ஒண்ணுமே கேட்காம தலையாட்டினேன்.”

நாலு ஐம்பத்தேழு. வயலின்காரன் சட்டென்று நிமிர்ந்தான்.

“சார், அம்மா கேட்காத நேரத்துலயும் நான் வாசிச்சேன். அது சேவையா, இல்லையா?”

“சேவைதான்.”

“அப்ப நான் வாசிச்ச நேரத்துல அவங்க கேட்காம உட்கார்ந்திருந்ததும் சேவைதானே? கணக்குல ஒண்ணைக் கழிச்சா ரெண்டையும் கழிக்கணும்.”

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எந்த வக்கீலும் என்கிட்ட இப்படி வாதாடினதில்ல தம்பி. வயலினை விட்டுட்டு சட்டம் படிக்கலாமே.”

அவனுடைய படிவத்தை இழுத்து ஏதோ எழுதினார். கையெழுத்து. முத்திரை. வயலின்காரன் படம் பிடித்தான், அனுப்பினான். நாலு ஐம்பத்தொன்பது. ‘பெறப்பட்டது’ என்றது திரை.

மூச்சு வந்த பிறகுதான் படிவத்தைப் படித்தான். ‘பயனாளிகள் அடைந்த முன்னேற்றம்’ என்ற கட்டத்தில், அழகான கோர்ட் கையெழுத்தில் ஒரே சொல் இருந்தது.

‘பொறுமை.’