தொள்ளாயிரம் கிராம் தலையணை

பையிலிருந்து கொக்கித் தராசை அவன் வெளியே எடுத்ததும் தலையணைக் கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“சார், நாங்க எதையும் எடை போட்டு விக்கிறதில்லையே!”

“சோதனைக்கு வரலை. தலையணை வாங்கத்தான் வந்தேன்.”

“தலையணை வாங்க வர்றவர் தலையோட வந்தா போதாதா சார்? தராசு எதுக்கு?”

கடை கடையாக ஏறி எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவன் உத்தியோகம். கடைத்தெருவில் அவன் பெயர் யாருக்கும் தெரியாது. ‘தராசு வர்றாரு’ என்றால் போதும், பாதிப் பேர் படிக்கல்லைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். இன்று விடுமுறை நாள். ஆனாலும் தராசு இல்லாமல் அவன் கிளம்பவில்லை.

ஒரு தலையணையின் ஓரத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பிடித்தான். முள் எழுநூற்று எண்பதில் நின்றது.

“இது இல்லை. வேற காட்டுங்க.”

பின்னால் ஸ்டூலில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். இறந்துபோன மனைவியின் அக்கா. காலை ரயிலில் வந்து இறங்கியவள். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அதற்குள் நாளைக் காலை வண்டிக்கு இரண்டு டிக்கெட் இருந்தது. ஒன்று அவளுக்கு. இன்னொன்று அவன் மகள் சுண்டுவுக்கு.

சுண்டுவின் அம்மா இறந்து பதினோரு வாரம் ஆகிறது. நாலு வயது சுண்டு ஒழுங்காகத் தூங்கியும் அதே பதினோரு வாரம். ராத்திரிக்கு மூன்று தடவை அலறிக்கொண்டு எழுவாள். பகலில் பள்ளிக்கூடத்தில் மேசைமேல் தலை சாய்ந்துவிடும். அண்ணி போனில் கேட்டபோதெல்லாம், “இப்பல்லாம் நல்லா தூங்குறா அண்ணி” என்றே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளி ஆசிரியை அண்ணிக்கே போன் போட்டுப் பேசியதில் சாயம் வெளுத்துவிட்டது.

காலையில் அண்ணி வாசற்படி ஏறியதும் சொன்ன முதல் வார்த்தை, “இவ துணிமணிய எடுத்து வைங்க தம்பி.”

“இன்னைக்கு ஒரு ராத்திரி பாருங்க அண்ணி. ஓட்டல் தலையணை மாதிரி வாங்கிடறேன். அதுல தூங்குவா.”

“சரி, பார்க்கிறேன். தூங்கலைன்னா?”



அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. போன மாதம் வெளியூரில் அலுவலகப் பயிற்சி. விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் சுண்டுவையும் கூட்டிக்கொண்டு போனான். அந்த ஓட்டலில் இரண்டு இரவும் குழந்தை அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். காலையில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. வீட்டில் இல்லாதது அங்கே என்ன இருந்தது என்று யோசித்தான். தலையணை. வெள்ளையாய், உப்பலாய், தலையை வைத்தால் மெல்ல உள்வாங்குகிற தலையணை. ஓட்டலுக்குப் போன் செய்தான். அறைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் முதலில் சிரித்தாள், பிறகு நீள அகலம் சொன்னாள். உள்ளே மெல்லிய செயற்கைப் பஞ்சு, தொள்ளாயிரம் கிராம். அதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டான்.

கடைக்காரர் அடுத்ததை நீட்டினார். “இது அசல் ஓட்டல் சரக்கு சார். தலை வைச்சா எந்திரிக்கவே மனசு வராது.”

அறுநூற்றுப் பத்து. அடுத்தது ஆயிரத்து இருநூறு. அதற்கடுத்தது ஈரச்சாக்கு மாதிரி கனத்தது. கொக்கியில் மாட்டவே இல்லை.

அண்ணி மணி பார்த்தாள். அவன் அவசரமாக அடுத்ததை எடுக்கச் சொன்னான்.

ஏழாவது தலையணை ஆயிரத்து நாற்பது காட்டியது. மேலுறையைக் கழற்றித் தனியாக நிறுத்தான். நூற்று நாற்பது. கழித்தால் சொல்லிவைத்தாற்போல் தொள்ளாயிரம். ஒருமுறை அழுத்தினான். உள்வாங்கியது. கையை எடுத்ததும் மெல்ல மேலே வந்தது.

“இதுதான்.”

“அப்பாடா!” என்றார் கடைக்காரர். “எத்தனை சார்? கட்டில்ல எத்தனை பேர் படுப்பீங்க?”

“ரெண்டு பேர்.”

காட்சிக்குப் போட்டிருந்த கட்டிலின்மேல் சுண்டு உருண்டுகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள். “ரெண்டு இல்லை. நான் மட்டும்தான். அப்பா ஹால்ல, சோஃபாவுல.”

இவ்வளவு நேரம் வாய் ஓயாத கடைக்காரர் சட்டென்று ஒரு பிசிறு நூலைத் தேடிப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

“எத்தனை நாளா?” என்றாள் அண்ணி.

“அன்னையிலேர்ந்து.”

“அந்தப் பெரிய கட்டில்ல குழந்தை தனியாவா?”

“தூங்க வச்சிட்டுத்தான் வெளிய வருவேன். அழுதா உடனே போயிடுவேன்.”

“ஓட்டல்ல?”

“அங்க சோஃபா இல்லை. ஒரே கட்டில்தான்.”

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. கையில் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. தலையணையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

அண்ணி எழுந்து கிட்டே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. “பஞ்சு எத்தனை கிராம்னு நிறுக்கத் தெரியுது. படிச்சவர்தானே தம்பி நீங்க?”

“உங்க தங்கச்சி படுத்த பக்கம் திரும்பிப் படுக்க முடியலை அண்ணி.”

“முடியாதுதான். நான் தப்பு சொல்லலை. அதனாலதான் இவ எங்கூட வரட்டுங்கிறேன்.”

“இன்னைக்கு ராத்திரி பார்க்கிறேன்னு சொன்னீங்க.”

“தலையணைதான் காரணம்னு நீங்க சொன்னீங்க, நானும் நம்பினேன். இனிமே எதைப் பார்க்கிறது? நாளைக்குக் காலையில கிளம்பறோம்.”

அவள் சொன்னதில் தப்பு இருந்தால்தானே எதிர்த்துப் பேச முடியும்.

சுண்டு கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து வந்தாள். “பெரியம்மா, உங்க வீட்டுல நான் எங்க படுப்பேன்?”

“அம்மா ரூம் இருக்குல்ல கண்ணு. அம்மா சின்னதுல படுத்த கட்டில், மேசை, எல்லாம் அப்படியே இருக்கு. இனிமே உனக்குத்தான்.”

“நீங்களும் எங்கூடப் படுப்பீங்களா?”

அண்ணி கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“படுப்பீங்களா?” என்றாள் சுண்டு மறுபடியும்.

அண்ணி குழந்தையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். “அவ போனதிலேர்ந்து அந்த ரூம் பூட்டினது பூட்டினபடியே கிடக்கு தம்பி. சாவி பீரோவுலதான் இருக்கு. நானும் இன்னும் திறக்கலை.”

அந்த இடத்தில், ‘அப்ப உங்களால மட்டும் முடியுமா?’ என்று அவன் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் ஜெயித்துவிடலாம் என்றும் தெரிந்தது. கேட்கவில்லை. தராசை மேசைமேல் வைத்தான். செருப்பைக் கழற்றினான். தலையணையைக் கட்டிலில் போட்டுச் சுண்டுவின் பக்கத்தில் படுத்தான்.

முதலில் மேல்கூரையைப் பார்த்துத்தான் படுத்தான். குழல்விளக்கு ஒன்று இரைந்துகொண்டிருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் திரும்பினான். கழுத்து மரக்கட்டையாய் இருந்தது. மூச்சை எண்ணி எண்ணி விட்டான்.

“அப்பா, முழங்கை இடிக்குது.”

முழங்கையை மடக்கிக்கொண்டான். எழுந்திருக்கவில்லை.

வாசலில் வேறு இரண்டு பேர் வந்து நின்றார்கள். “சார்... அது காட்சிக்கு வச்ச கட்டில்...” என்று இழுத்தார் கடைக்காரர்.

“கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் அண்ணி. “படுத்துப் பார்க்காம யாராவது தலையணை வாங்குவாங்களா?”

கட்டிலைச் சுற்றி வந்து அவன் தலைமாட்டில் குனிந்து பார்த்தாள். “இது உங்களுக்கு உயரம் அதிகம். காலையில கழுத்து பிடிச்சுக்கும்.” அடுக்கிலிருந்து மெல்லியதாக ஒன்றை உருவினாள். நிறுக்கவெல்லாம் இல்லை. அவன் தலையைத் தூக்கச் சொல்லி அடியில் செருகினாள். முன்னதை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு நான் மட்டும்தான் போறேன். அடுத்த மாசம் வருவேன். சொல்லிட்டு வர மாட்டேன்.”

“சரி அண்ணி.”

“இனிமே போன்ல பொய் சொல்லாதீங்க.”

“சரி.” பிறகு கேட்டான். “இன்னைக்குப் படுக்க முடியலைன்னா?”

“முடியலைன்னா எழுந்து உட்காருங்க. ஆனா அந்த ரூம்லயே உட்காருங்க.”

சுண்டு காலைத் தூக்கி அவன் வயிற்றின்மேல் போட்டாள். கடைக்காரர் இரண்டடி தள்ளி நின்று மெதுவாகக் கேட்டார். “பில் போடலாமா சார்?”

“போடுங்க,” என்றான் படுத்தபடியே.