கை என்று எழுதினால் போதாது

அந்தக் கிளினிக்கில் டாக்டரம்மா சொல்வதை எல்லோரும் கேட்பார்கள், அவருடைய கணவரைத் தவிர. கணவர் சொல்வதை யாருமே கேட்கமாட்டார்கள். இருந்தாலும் அவருக்கு மேனேஜர் என்று பெயர். பில் போடுவது, இன்சூரன்ஸ்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுவது, குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் அவர் தலையில்தான்.

இந்த வருஷம் அந்தத் தலையில் புதிதாக ஒன்று வந்து விழுந்தது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அதைப் போட்டால்தான் இன்சூரன்ஸில் பில் நகரும். திங்கட்கிழமை முதல் அந்த எண்கள் அத்தனையும் மாறுகின்றன. பழைய முறையில் கைவலி என்று எழுதினால் போதும், வேலை முடிந்தது. புதியதில் கை என்றே ஒன்று கிடையாது. இடதா வலதா, தோளா முழங்கையா மணிக்கட்டா, எந்த விரல், எதனால் வந்தது, எல்லாம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பில் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும்.

மேனேஜர் அந்தத் தடித்த புத்தகத்தோடு மாதக்கணக்கில் குடித்தனமே நடத்தினார். டாக்டரம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“எனக்கு வைத்தியம் பாக்கத் தெரியும். நம்பர் பாக்கறது உங்க வேலை.”

“நீ கேட்டு எழுதினாத்தானேம்மா நான் நம்பர் போட முடியும்?”

“நான் என்ன போலீஸா, வர்றவங்களை எல்லாம் நிக்க வெச்சு விசாரிக்க?”

சனிக்கிழமை மதியம் கடைசி ஆள் போனதும் நர்ஸ் வெளிக்கதவைச் சாத்தினார். ஒத்திகை என்று மேனேஜர் காலையிலேயே அறிவித்திருந்தார். நோயாளியாக நடிக்க ஒரு ஆள் வேண்டும். “எனக்கு வராது சார், சிரிச்சிடுவேன்” என்று நர்ஸ் நழுவி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். வேறு வழியில்லாமல் மேனேஜரே நோயாளி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அந்த நாற்காலியில் உட்கார அவருக்கு மனசே இல்லை. கொஞ்ச நாளாக இடது கை மரத்துப்போகிறது. அவருடைய அண்ணன் போன வருஷம் இடது கை ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னார். அன்று சாயங்காலமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது தம்பிக்கும் அதே கை. கட்டிய மனைவி டாக்டர், ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயம். அதனால் மூச்சு விடவில்லை.

“வாங்க ஐயா, என்ன பண்ணுது?” என்றார் டாக்டரம்மா, கிண்டல் சொட்டச் சொட்ட.

முதுகுவலி என்று சொல்லத்தான் மேனேஜர் நினைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

“கை மரத்துப் போகுது டாக்டர்.”

“கைன்னு ஒண்ணு கிடையாதாமே. இடதா, வலதா?”

“இடது.”

“கை முழுக்கவா, விரல் மட்டுமா?”

“விரல்தான். சுண்டு விரல், அப்புறம் மோதிர விரல்.”

“மோதிர விரல் முழுசாவா?”

மேனேஜர் யோசித்தார். இத்தனை நாள் அந்தக் கையைப் பிசைந்து பிசைந்து பயந்தவர், இதை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. பயந்தவனுக்குக் கை தெரியும், விரலா தெரியும்? இப்போது மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

“இல்ல, பாதிதான். சுண்டு விரல் பக்கத்துப் பாதி.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இப்படிப் பாதி விரல் கணக்கெல்லாம் நடிக்கிற ஆளுக்கு வராது என்று அவருக்குத் தெரியும்.

“ஏங்க,” என்றார். கிண்டலாகச் சொன்ன அந்த ‘ஐயா’ போன இடம் தெரியவில்லை. “எத்தனை நாளா?”

“புத்தகத்துல அந்தக் கேள்வி இல்லையே...”

“புத்தகத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க. எத்தனை நாளா?”

“ஒரு மாசம் இருக்கும்.”

“நெஞ்சு வலிக்குதா? வேர்க்குதா? மாடி ஏறினா மூச்சு வாங்குதா?”

எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார் மேனேஜர். டாக்டரம்மா அவர் கையை மடக்கி, முழங்கையின் உள்பக்கம் விரலால் ஒரு தட்டு தட்டினார். சுண்டு விரல் நுனி வரை சுரீரென்று இழுத்தது. “ஐயோ!” என்று மேனேஜர் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

“எப்பெல்லாம் வருது?”

“போன் பேசும்போது. படிக்கும்போது.”

“எப்படி உக்காந்து படிக்கிறீங்க?”

மேனேஜருக்கு முன்னால் நர்ஸ் முந்திக்கொண்டார். “முழங்கையை மேஜை விளிம்புல ஊனி, கன்னத்துல கை வெச்சுக்கிட்டுத்தான் டாக்டர். எந்நேரமும் அதே போஸ்தான்.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முழங்கை வழியாப் போற நரம்பு. மாசக்கணக்கா அதை மேஜைல வெச்சு நசுக்கியிருக்கீங்க. இந்த நம்பர் புத்தகம் குடுத்த வியாதிங்க இது! ஊனறதை நிறுத்துங்க, சரியாப் போயிடும்.”

இருந்தாலும் விடவில்லை. படுக்க வைத்து இசிஜி எடுத்தார். அதிலும் ஒரு குறையும் இல்லை.

மேனேஜருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. டாக்டரம்மா அதைப் பார்க்காத மாதிரி, “திங்கக்கிழமைலேர்ந்து எல்லாரையும் விரல் விரலாக் கேக்கறேன், போதுமா?” என்றார்.

“சார், நம்பர் ஏறிடுச்சு!” என்று நர்ஸ் கூவினார். “இன்னும் ஒரே ஒரு கேள்வி கேக்குது. இதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டியிருக்காரா, இதுதான் முதல் தடவையா?”

டாக்டரம்மா கணவரின் இடது கையை இன்னும் விடவில்லை.

“முதல் தடவைன்னு போடும்மா,” என்றார். “ஒரு மாசமாப் பக்கத்துலயே படுத்திருக்கற டாக்டர்கிட்ட, இன்னிக்குத்தான் காட்டறாரு.”

வீட்டுக்குப் போனதும் இதற்குச் சரியான திட்டு காத்திருக்கிறது என்று மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. விழட்டும், நன்றாக விழட்டும் என்றிருந்தது அவருக்கு. திட்டு வாங்கவும் ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.